மரத்தைத் திருப்பிப் போடத் தெரியுமா? - பெரிய கம்பெனி இன்டர்வியூவில் வெப் டெவலப்பர்களுக்கு என்னதான் நடக்கிறது?

2015 ஜூன் மாதம், மேக்ஸ் ஹோவெல் என்ற புரோகிராமர் ட்விட்டரில் ஒரே ஒரு பதிவு போட்டார். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களில் சாஃப்ட்வேர்களைச் சுலபமாக இன்ஸ்டால் செய்ய உதவும் 'ஹோம்ப்ரூ'வை உருவாக்கியவர் அவர். 'கூகுள் இன்ஜினீயர்களில் பெரும்பாலானோர் நான் எழுதிய சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால், போர்டில் ஒரு பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடத் தெரியவில்லை என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்' என்பது அதன் சாரம். கூடவே, குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாத ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது!

அந்தப் பதிவு உலகம் முழுக்கச் சுற்றியது. 'இன்டர்வியூ முறையே தப்பு' என்று ஒரு கூட்டம், 'அடிப்படை தெரியாதவருக்கு எதற்கு வேலை?' என்று இன்னொரு கூட்டம். பிறகு கோபம் தணிந்த ஹோவெலே, தனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் அடிப்படை அவ்வளவாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கூகுள் பக்க நியாயத்தையும் எழுதினார். பத்து வருடங்கள் கடந்தும் சண்டை மட்டும் ஓயவில்லை. ஒவ்வொரு வருடமும் வெப் டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பிக்கும் யாரோ ஒருவர் அதே கேள்வியைக் கேட்கிறார்: 'பட்டனும் மெனுவும் செய்யப்போகிற எனக்கு எதற்கு மரம்?'

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இருக்கிறது.

உங்கள் போனில் இருக்கும் மரம்

முதலில் அந்த பைனரி ட்ரீ. உங்கள் வீட்டு வம்சாவளிப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கொள்ளுத் தாத்தா, கீழே பிள்ளைகள், அதற்குக் கீழே பேரப்பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள்தான் என்று வைத்துக்கொண்டால் அதுதான் பைனரி ட்ரீ. அதைத் திருப்பிப் போடுவது என்றால், தலைகீழாக்குவது அல்ல. கண்ணாடியில் பார்ப்பதுபோல், ஒவ்வொரு தலைமுறையிலும் இடது பிள்ளையை வலதுக்கும் வலது பிள்ளையை இடதுக்கும் மாற்றுவது. தெரிந்தவர்களுக்கு ஐந்தாறு வரி புரோகிராம். தெரியாதவர்களுக்கு 45 நிமிட நரகம்.

இதற்கும் வெப்சைட்டுக்கும் என்ன சம்பந்தம்? இப்போது நீங்கள் போனில் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கமே ஒரு மரம்தான். ஹெச்.டி.எம்.எல் என்பது கொள்ளுத் தாத்தா. அவருக்கு ஹெட், பாடி என இரண்டு பிள்ளைகள். பாடிக்குள் தலைப்பு, பத்தி, படம், விளம்பரம் எனப் பேரன் பேத்திகள். பிரவுசர் இதை 'டாம்' என்ற மர வடிவில்தான் வைத்திருக்கிறது. நீங்கள் லைக் பட்டனைத் தொட்டால், அந்தத் தொடுதல் பட்டனிலிருந்து அப்பா, தாத்தா எனப் படிப்படியாக மேலே ஏறிப் போகிறது. நூறு பட்டன்களுக்கு நூறு காவலாளிகளை நிறுத்தாமல், மேலே தாத்தா வீட்டு வாசலில் ஒரே காவலாளியை நிறுத்தி வேலையை முடிக்கலாம். இதற்கு 'ஈவென்ட் டெலிகேஷன்' என்று பெயர். இன்டர்வியூக்களில் அடிக்கடி வரும் கேள்வி.

ஃப்ரன்ட் எண்ட் இன்டர்வியூக்களில் பிரபலமான இன்னொரு கேள்வியைப் பாருங்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டி, 'இரண்டாவது பக்கத்தில் இதே இடத்தைக் கண்டுபிடி' என்பார்கள். ஒரே பிளானில் கட்டிய இரண்டு அடுக்குமாடி பிளாக்குகள் மாதிரி. ஏ பிளாக்கில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி, 'நான் மூன்றாவது கதவு, அந்த வராண்டா இரண்டாவது' என்று குறித்துக்கொண்டே வாசல் வரை வரவேண்டும். பிறகு பி பிளாக் வாசலில் அந்தக் குறிப்பைப் பின்னாலிருந்து படித்தபடி உள்ளே போகவேண்டும். மரத்தில் ஏறி இறங்கத் தெரிந்தவர் இதைச் சிரித்துக்கொண்டே செய்வார்.

அதற்காகக் கேட்கப்படும் எல்லாக் கேள்விகளும் நியாயமானவை என்று சொல்லிவிட முடியாது. 'ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும்?' என்ற மாதிரி கேள்விகளுக்காகவே ஒரு காலத்தில் கூகுள் பெயர்பெற்றிருந்தது. அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் அதெல்லாம் சுத்த நேர விரயம், கேட்பவர் தன்னைப் புத்திசாலியாக நினைத்துக்கொள்ளத்தான் உதவும் என்று போட்டு உடைத்தார். இத்தனைக்கும் அப்போது அவர் அந்தப் பதவியில்தான் இருந்தார்.

3, 3, 3 மர்மம்

சரி, வெப் டெவலப்பருக்கென்றே இருக்கும் கேள்விகள் எப்படி இருக்கும்? ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் எதுவும் நகராது. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி அது. அந்த அவசரத்தின் தழும்புகள் இன்றைக்கும் இன்டர்வியூ கேள்விகளாக வந்து நிற்கின்றன.

பிரபலமான ஒன்று: ஒரு லூப் 0, 1, 2 என்று ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் 'ஒரு நொடி கழித்து இந்த எண்ணைக் காட்டு' என்று உத்தரவு. என்ன தெரியும்? பலர் '0, 1, 2' என்பார்கள். பழைய 'வார்' முறையில் எழுதியிருந்தால் திரையில் வருவது 3, 3, 3!

காரணம் சிம்பிள். வகுப்பில் மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, 'ஒரு நிமிடம் கழித்து போர்டில் இருக்கும் எண்ணை வாசி' என்று டீச்சர் சொல்கிறார். ஒவ்வொருவரிடமும் சொல்லும்போது போர்டில் 0, பிறகு 1, பிறகு 2. ஆனால் அவர்கள் வாசிக்கும் நேரத்தில் டீச்சர் போர்டில் 3 என்று மாற்றிவிட்டார். போர்டு ஒன்றுதான், எனவே மூவரும் 3 என்கிறார்கள். 2015-ல் மொழிக்குள் வந்த 'லெட்' ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தனித்தனிச் சீட்டு கொடுத்துவிடுகிறது. அதனால் 0, 1, 2. பதிலை மனப்பாடம் செய்தவர்களை அடுத்த கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். 'லெட் இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?' என்று கேட்டால் போதும்.

அடுத்தது கையால் செய்து காட்டும் ரவுண்டு. ஒரு சர்ச் பாக்ஸ் செய்யச் சொல்வார்கள். எழுத்தைத் தட்டத் தட்ட, கீழே ஊர்ப் பெயர்கள் வரவேண்டும். பார்க்க எளிது. வேலை தெரிந்தவரையும் கற்றுக்குட்டியையும் பிரித்துக் காட்டுவது இதில் வரும் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைத் தொந்தரவு செய்யாமல், விரல் நிற்கும்வரை ஒரு கணம் பொறுக்கவேண்டும். இது முதல் படி, பலருக்குத் தெரியும். இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'கோ' என்று தட்டியதும் ஒரு கேள்வி சர்வருக்குப் போகிறது. 'கோவை' என்று முடித்ததும் இன்னொன்று. நெட்வொர்க் மந்தமாக இருந்தால், இரண்டாவது கேள்விக்கான பதில் முதலில் வந்துவிட்டு, 'கோ'வுக்கான பழைய பதில் தாமதமாக வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். பாக்ஸில் கோவை, கீழே கோவில்பட்டி! ரயில் டிக்கெட் போடும்போது நீங்களும் இப்படி எங்கேயாவது எரிச்சலாகியிருப்பீர்கள். இதை இன்டர்வியூ எடுப்பவர் சொல்வதற்கு முன்பு தானாகவே கவனித்துச் சொல்பவருக்கு அந்த ரவுண்டு பாதி முடிந்த மாதிரி. மவுஸ் இல்லாமல் அம்புக்குறி பட்டனிலேயே ஊரைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா, பார்வையில்லாத ஒருவரின் ஸ்கிரீன் ரீடர் அதைப் படிக்குமா என்பதுவரை யோசித்தால் இன்னும் நல்லது. பெரிய கம்பெனி என்றால் கோடிக்கணக்கான பயனாளர்கள். அதில் பார்வையற்றவர்களும் உண்டு, உடைந்த திரை போனுடன் கிராமத்தில் உட்கார்ந்திருப்பவரும் உண்டு.

யாரோ பார்த்துக்கொண்டிருந்தால்...

'வீட்ல பண்ணா வருது, அங்க போனா கை ஓடல.' இதைச் சொல்லாத மாணவர் குறைவு. பயிற்சி போதவில்லை, தைரியம் இல்லை என்று வீட்டிலும் கல்லூரியிலும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் 2020-ல் அமெரிக்காவின் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது.

48 கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள். பாதிப் பேர் ஒரு பார்வையாளர் முன்பு, யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போர்டில் விடை எழுதினார்கள். மீதிப் பேருக்கு அதே கேள்வி, அதே போர்டு, ஆனால் தனி அறை, பார்க்க ஆள் இல்லை. பார்வையாளர் முன்பு எழுதியவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. இன்னொரு விஷயம்தான் நெஞ்சில் தைக்கிறது. பார்வையாளர் முன்பு எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தோற்றார்கள். தனி அறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் ஜெயித்தார்கள்.

48 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும், இன்டர்வியூவில் அளக்கப்படுவது அறிவா, பதற்றமா என்ற கேள்வி அந்த ஆய்வுக்குப் பிறகு கம்பெனிகளின் முகத்துக்கு நேராக நிற்கிறது. வைவா என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைந்த நம் ஊரில், ஒரு பெண் கேமரா முன்பு திணறினால் அவருக்கு விஷயம் தெரியாது என்று முடிவுகட்டும் முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

முறை மாறும்வரை என்ன செய்வது? பார்க்கப்படுவதற்கும் பழகிக்கொள்வதுதான் வழி. தனியாக உட்கார்ந்து 300 கணக்குகள் போடுவதைவிட, ஒருவரை எதிரே உட்காரவைத்து 30 கணக்குகளை வாய்விட்டுச் சொல்லிப் போடுவது மேல். எதிரே இருப்பவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியவேண்டும் என்று அவசியமே இல்லை. தம்பி போதும், பாட்டி போதும். கீரை ஆய்ந்தபடி அம்மா தலையை ஆட்டினாலே போதும். மொபைலில் 45 நிமிட அலாரம் மட்டும் கட்டாயம்.

சத்தமாக யோசிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பலருக்குத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. கூகுளில் உங்களை இன்டர்வியூ எடுப்பவர், 'இவரை எடுத்துக்கொள்ளலாம்' என்று தனியாக முடிவு செய்வதில்லை. நீங்கள் சொன்னதையும் எழுதியதையும் அவர் அறிக்கையாகத் தருகிறார். உங்களை நேரில் பார்க்காத ஒரு குழு அதைப் படித்துத்தான் முடிவெடுக்கிறது. பத்து நிமிடம் நீங்கள் மௌனமாக அற்புதமாக யோசித்திருக்கலாம். அந்தக் குழுவுக்கு அது போய்ச் சேராது.

ஆங்கிலம் தடுமாறினால்? சின்னச் சின்ன வாக்கியங்களே போதும். 'முதலில் இதைச் செய்கிறேன். இங்கே பிரச்னை வரலாம். அதனால் மாற்றுகிறேன்.' இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் ஒரு ரவுண்டை ஓட்டிவிடலாம்.

'நாங்க பண்ணினோம்' - இது ஒரு பிரச்னையா?

டெக்னிக்கல் ரவுண்டில் ஜெயித்துவிட்டு, பேச்சு ரவுண்டில் கோட்டைவிடுபவர்கள் நிறைய. அமேசானில் 16 தலைமைப் பண்புகள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2021 வரை 14 இருந்தது, பிறகு இரண்டைச் சேர்த்தார்கள். 'மேலதிகாரியுடன் கருத்து வேறுபட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்', 'கெடு தவறிய ஒரு அனுபவம் சொல்லுங்கள்' என்று அந்தப் பட்டியலை ஒட்டியே கேள்விகள் வரும். இன்டர்வியூ எடுப்பவர்களில் ஒருவர், ஆள் தேவைப்படும் டீமுக்குச் சம்பந்தமே இல்லாதவராக இருப்பார். 'பார் ரைசர்' என்று பெயர். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இங்கே நம் வளர்ப்பு குறுக்கே வருகிறது. 'நான் செய்தேன்' என்று சொன்னால் தற்பெருமை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து தனியாளாகப் பக்கத்தின் வேகத்தைச் சரிசெய்தவர்கூட, 'நாங்க டீமா சேர்ந்து பண்ணினோம்' என்பார். எதிரே இருப்பவர் எழுதிக்கொள்வது: 'இவர் என்ன செய்தார் என்று தெளிவாகத் தெரியவில்லை.' டீமைப் பாராட்டுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் பங்கு எது என்பதை ஒரு எண்ணோடு சொல்லுங்கள். 'பக்கம் திறக்க 6 நொடி ஆனது. படங்களின் அளவைக் குறைத்தேன். 2 நொடி ஆனது.' இதில் பெருமை எங்கே இருக்கிறது? நடந்ததைத்தானே சொல்கிறோம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் இந்த வகைதான். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் இன்டர்வியூவுக்குப் போனார். அவருடையது வெப் டெவலப்பர் வேலை அல்ல, புராடக்ட் மேனேஜர் வேலை. ஜிமெயில் அறிவிக்கப்பட்ட நாள் அது. 'ஜிமெயில் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டார்கள். முட்டாள்கள் தின விளையாட்டோ என்று நினைத்திருந்த அவர், தான் அதைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்பதை மறைக்கவில்லை. நான்காவதாக வந்தவர்தான் 'பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டு, திறந்து காட்டியிருக்கிறார். ஐந்தாவதாக வந்தவரிடம் சொல்ல அவரிடம் கருத்து இருந்தது. காரக்பூர் ஐ.ஐ.டி மாணவர்களிடம் 2017-ல் பிச்சையே சிரித்துக்கொண்டு பகிர்ந்த கதை இது.

ஒளிந்திருக்கும் ஏ.ஐ

கொரோனா காலத்தில் இன்டர்வியூக்கள் வீடியோவுக்கு மாறின. அதன் பின்னாலேயே வந்தது புதுத் தலைவலி. திரையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு பதில் சொல்லித் தரும் ஏ.ஐ கருவிகள். 2025-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இப்படியொரு கருவியைச் செய்து, பல்கலைக்கழகத்தின் நடவடிக்கைக்கு ஆளானார். அதே வருடம், குறைந்தது ஒரு ரவுண்டாவது நேரில் நடக்கும்படி செய்யப்போவதாக சுந்தர் பிச்சை ஒரு பாட்காஸ்ட்டில் சொன்னார். மெட்டாவோ நேரெதிர். விண்ணப்பிப்பவர் வெளிப்படையாகவே ஏ.ஐ-யைப் பயன்படுத்தும் ரவுண்டைப் பரிசோதித்துப் பார்க்கத் தொடங்கியது.

நீங்கள் போகும் கம்பெனி எந்தப் பக்கம் என்பதை, தேதி கொடுக்கும் ரெக்ரூட்டரிடமே நேராகக் கேட்டுவிடலாம். 'ஏ.ஐ பயன்படுத்தலாமா, கூடாதா?' என்று கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்கமாட்டார்கள். கேட்காமல் பயன்படுத்தினால் நினைப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

இரண்டே விஷயங்கள். முதலாவது பணம். கூகுளோ, அமேசானோ, மைக்ரோசாஃப்ட்டோ இன்டர்வியூவுக்கும் வேலைக்கும் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. 'லேப்டாப் டெபாசிட்', 'டாக்குமென்ட் சரிபார்ப்புக் கட்டணம்' என்று வாட்ஸ்அப்பில் லோகோவுடன் ஆஃபர் லெட்டர் வந்தால், அது மோசடி. நகையை அடகுவைக்கும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

இரண்டாவது, காத்திருப்பு. ஒரு காலத்தில் கூகுளில் ஒரே ஆளைப் பத்து முறைக்கு மேல்கூட இன்டர்வியூ எடுத்திருக்கிறார்கள். பிறகு தங்கள் பழைய முடிவுகளையே ஆராய்ந்து, நான்கு இன்டர்வியூக்களிலேயே 86 சதவிகித உறுதியுடன் முடிவெடுக்க முடிகிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆக, ரவுண்டுகள் குறைந்துவிட்டன. ஆனால் அறிக்கை எழுதவேண்டும், குழு படிக்கவேண்டும், அதற்குப் பிறகு ஏற்றுக்கொள்ள ஒரு டீம் அமையவேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். 'வரவில்லை' என்று பதில் வந்தால், ஏன் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. சில மாதங்கள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், பலர் இரண்டாவது மூன்றாவது முறையில்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

2009-ல் பிரையன் ஆக்டனை ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் வேண்டாம் என்றன. அவர் இணை நிறுவனராக இருந்த வாட்ஸ்அப்பை 2014-ல் அதே ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆறுதலுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்தான். ஆனால் இன்டர்வியூ முடிந்து முகம் வாடி வரும் பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லாதீர்கள். முதலில் சாப்பிடவிடுங்கள். 'செலக்ட் ஆயிடுமா?' என்றும் கேட்கவேண்டாம். முடிவெடுக்கப்போகிறவர்கள் இன்னும் அறிக்கையைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் உண்மையிலேயே பதில் கிடையாது.